லக்சம்பர்க்கில் ஓ-பேர்: சனிக்கிழமை வேலையும் மூன்று மொழியும்

நீங்கள் ஓ-பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மொழியும் படிப்பவராக, இருக்கும் வீட்டில் அம்மா பேசுவது பிரெஞ்சு, அப்பா ஜெர்மன், பிள்ளைகள் தங்களுக்குள் லக்சம்பர்கிஷ், இதில் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போதாததற்குச் சனி, ஞாயிறிலும் வீடு முழுக்கத் துடைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவதுதான் அவசரம்.

2013ஆம் ஆண்டு ஓ-பேர் சட்டப்படி உங்கள் வேலை வாரத்துக்கு 25 மணி நேரம்தான். ஒரு முழுநாளும் மூன்று மாலைகளும் உங்களுடையவை. கைச்செலவுப் பணம் குறைந்தபட்ச ஊதியத்தில் கால் பங்கு. பிள்ளைகளின் துணி மடிப்பது, சின்னச் சின்ன வேலைகள் சரி. மொத்த வீட்டையும் கழுவுவது உங்கள் வேலையே இல்லை. தினமும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிள்ளைகள் தூங்கியபின் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். அப்படியும் மாறாவிட்டால் அந்த ஒப்பந்தத்தை அங்கீகரித்த தேசிய இளைஞர் சேவை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இனி மொழி. வகுப்புக்கு பிரெஞ்சு எடுங்கள். நகரத்தில் கடைகளில் நிற்பவர்கள் பலர் பிரான்ஸிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருபவர்கள். லக்சம்பர்கிஷ் பிள்ளைகளிடமிருந்தே ஒட்டிக்கொள்ளும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பள்ளியில் எழுத்துக் கற்பது பெரும்பாலும் ஜெர்மனில் என்பதால், வீட்டுப்பாடத்தை அப்பா தலையில் கட்டிவிடுங்கள்!

ஓய்வுநாளில் வீட்டில் இருக்காதீர்கள், கண்ணில் பட்டால் வேலை வரும். 2020 முதல் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் நாடு முழுக்க இலவசம். நாட்டின் கிழக்கில் இருக்கும் எக்டர்நாக் ஊர் வரை பஸ்ஸிலேயே போய்வரலாம், ஒரு காசு செலவில்லை.