தாடி மட்டும் உண்மை

கேள்வி: 'ஜோக்கர்' பார்த்த நாளிலிருந்து வாக்கின் ஃபீனிக்ஸின் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அவர் தம்மைத் தாமே கிண்டல் செய்துகொண்ட பிரமாதமான டார்க் காமெடி என்று நண்பர்கள் சிபாரிசு செய்த 'ஐ’ம் ஸ்டில் ஹியர்' (2010) படத்தைப் பாதிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. "உனக்குப் புரியவில்லை" என்கிறார்கள். குறை என்னிடமா, படத்திலா? மீதியைப் பார்க்கலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: குறை படத்தில்தான். ஆனாலும் ஒரு படத்தைப் பாதியில் அணைத்துவிட்டு அதன்மீது தீர்ப்புக் கேட்பது முறையல்ல, அம்மணி. அந்தப் படத்தில் உருப்படியாக இருப்பவை இரண்டே பகுதிகள்; இரண்டும் நீங்கள் பார்க்காத பின்பாதியில் இருக்கின்றன. (இதே பெயரில் 2024இல் வால்டர் சாலஸ் எடுத்த பிரேசில் படம் வேறு, அது ஆஸ்கர் வாங்கிய நல்ல படம். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'வாக் த லைன்' படத்தில் பாடகர் ஜானி கேஷாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்று மூன்றாண்டுகூட ஆகாத நிலையில், 2008 அக்டோபரில், நடிப்பை விட்டுவிட்டு ராப் பாடகராகப் போவதாக ஃபீனிக்ஸ் அறிவித்தார். அவருடைய தங்கையை மணந்திருந்த நடிகர் கேஸி அஃப்லெக், கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். தாடி புதராக வளர்ந்தது, தொப்பை விழுந்தது, கறுப்புக் கண்ணாடி முகத்தைவிட்டு இறங்கவே இல்லை. லாஸ் வேகஸிலும் மயாமியிலும் இரவு விடுதி மேடைகளில் ஏறி யாருக்கும் விளங்காத வரிகளை முணுமுணுப்பதும், கேலி செய்தவனோடு மல்லுக்கட்ட மேடையிலிருந்து குதிப்பதுமாக நாட்கள் போயின. நடிகர் பேதலித்துவிட்டார் என்று ஊரே நம்பியது; அத்தனையும் நடிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஆவணப்படம் என்ற பெயரில் 2010 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

நான் சொன்ன இரண்டு பகுதிகளில் முதலாவது, 2009 பிப்ரவரி 11 அன்று ஒளிபரப்பான, தொலைக்காட்சியில் இரவு அரட்டை நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேன் எடுத்த பேட்டி. 'டூ லவர்ஸ்' என்ற படத்துக்கு விளம்பரம் தேட வந்தவர், அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் ஏதோ வேறு கிரகத்துச் சமாசாரத்தைக் கேட்டதுபோல் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு சொல், அரைச் சொல், அவ்வளவுதான் பதில். சூயிங்கம் மெல்வதை லெட்டர்மேன் கிண்டல் செய்ததும், அதை வாயிலிருந்து எடுத்து அவருடைய மேசைக்கு அடியில் ஒட்டிவிடுகிறார். கடைசியில் லெட்டர்மேன், "இன்று இரவு உங்களால் இங்கே வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன், வாக்கின்" என்று சொல்லி முடிக்கும்போது அரங்கம் அதிர்கிறது. அங்கே சிரிப்பு வருகிறது என்றால், அதற்குப் பாதிப் பொறுப்பு எதிரே உட்கார்ந்திருந்த லெட்டர்மேனுடையது. மோத ஒரு சுவர் இருந்ததால் பந்து எகிறியது. அஃப்லெக் செய்ததெல்லாம் அந்த ஒளிபரப்பை எடுத்துத் தம் படத்தில் ஒட்டிக்கொண்டதுதான். போதாததற்கு, அடுத்த பதினோராம் நாளே ஆஸ்கர் மேடையில் நகைச்சுவை நடிகர் பென் ஸ்டில்லர் ஒட்டுத்தாடியும் கண்ணாடியுமாக நடிகை நடாலி போர்ட்மன் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு மூன்று நிமிடங்களில் அந்த ஜோக்கின் சாறு முழுவதையும் பிழிந்து குடித்துவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து நூறு நிமிடங்களுக்கும் மேலாக நமக்குப் பரிமாறப்பட்டது சக்கை.

டார்க் காமெடி என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில்தான் எனக்குத் தகராறு. பிறர் துயரத்தைப் பார்த்துச் சிரிக்கவைக்கிற கலைக்கு ஓர் ஒப்பந்தம் தேவைப்படுகிறது: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது பார்ப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வேடமிட்ட ஒரு நடிகர் நிஜ மனிதர்களிடம் போய்ப் பேசுகிற 'போராட்' படத்தில் ஏமாறுகிற அமெரிக்கர்களுக்கு விஷயம் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. இங்கே நமக்கும் தெரியாது. திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர், கண் முன்னே ஒரு மனிதர் போதையிலும் அவமானத்திலும் அழிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தால், நாகரிகமுள்ள எவரும் செய்வதுபோல் வருத்தப்படுவார். ரோஜர் எபர்ட் போன்ற பழுத்த விமர்சகரே அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, மனம் நொந்துதான் எழுதினார். அப்படி இரங்கியவர்களையெல்லாம் முட்டாள்களாக்கியதைத் தவிர இந்தப் படம் யாரை நையாண்டி செய்தது என்று உங்கள் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏமாற்றுவதுதான் நோக்கம் என்றால் அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1982இல் இதே லெட்டர்மேன் நிகழ்ச்சியில் மல்யுத்த வீரர் ஜெரி லாலரிடம் கன்னத்தில் அறை வாங்கினார். அது இருவரும் பேசிவைத்துக்கொண்ட நாடகம் என்பதை 1984இல் இறக்கும்வரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அஃப்லெக்கோ, படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ஆறாம் நாளே, செப்டம்பர் 16 அன்று, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழிடம் எல்லாம் நடிப்புத்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். தொடக்கத்தில் வருகிற, பனாமாவில் சிறுவன் ஃபீனிக்ஸ் நீரில் விளையாடுவதாகக் காட்டப்படும் பழைய வீட்டு வீடியோகூட ஹவாயில் வேறு நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. பழசாகத் தெரிவதற்காக, 'பாரிஸ், டெக்ஸஸ்' படம் பதிந்திருந்த ஒரு கேசட்டின் மேலேயே மாற்றி மாற்றிப் பதிந்து மங்கவைத்தார்களாம். இவ்வளவு மெனக்கெட்டவர்கள் ரகசியத்தை ஒரு வாரம் காக்கவில்லை. அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 4 லட்சம் டாலர்.

நடுவில் கிடப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தம் பாட்டைத் தயாரித்துத் தரும்படி ராப் பிரமுகர் ஷான் கோம்ப்ஸை ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டைப் போட்டுக்காட்டுகிற இடம் மட்டும் ஓரளவு தேறும். பாட்டு ஓட ஓட கோம்ப்ஸின் முகத்தில் ஒரு தசைகூட அசையாததும், அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்தபடி ஃபீனிக்ஸ் உட்கார்ந்திருப்பதும் நம்மையும் நெளியவைக்கின்றன. மற்றபடி உதவியாளர்களைத் திட்டுவது, மறுபடி திட்டுவது, போதைப்பொருள், வாந்தி. தூங்குகிற முதலாளியைப் பழிவாங்க உதவியாளர் செய்கிற ஒரு காரியத்தை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது. அருவருப்பைக் கூட்டினால் நகைச்சுவையின் கறுப்பு கூடும் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார்.

எனக்கு ஆதங்கம் வேறொன்று. 1993 அக்டோபர் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இரவு விடுதிக்கு வெளியே, நடைபாதையில், அண்ணன் ரிவர் ஃபீனிக்ஸ் போதை மருந்தால் சரிந்து விழுந்து உயிர்விடும் தறுவாயில் கிடந்தபோது, அவசர உதவிக்குத் தொலைபேசியில் கதறியவர் பத்தொன்பது வயது வாக்கின். அந்தக் குரல் பதிவை அமெரிக்க ஊடகங்கள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. பிரபலத்தின் துயரம் எப்படித் தின்பண்டமாகிறது என்பதை ஹாலிவுட்டில் இவரளவுக்கு அறிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அந்தக் காயத்தைப் படமாக்கியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் பிரபலத்துக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தோம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னவர்கள், அந்த உறவைப் பற்றி உண்மையில் தெரிந்திருந்த எதையும் படத்துக்குள் விடவில்லை. ஒரு தாடியை முன்னே நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

ஃபீனிக்ஸின் நடிப்பை நண்பர்கள் மெச்சுவார்கள், அது நியாயமே. லெட்டர்மேன் பேட்டிக்குப் பிறகு செடிகளுக்கு நடுவே போய் நின்று, வாழ்க்கையைப் பாழாக்கிக்கொண்டேன் என்று அவர் புலம்புவதில் பொய்யின் சுவடே தெரியாது. ஆனால் நடிகரின் வைராக்கியம் வேறு, படத்தின் தரம் வேறு. உண்மையையும் புனைவையும் கலந்து ஹாலிவுட்டின் சிதைந்த மனிதர்களைக் காட்டுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால், பில்லி வைல்டர் 1950இல் எடுத்த 'சன்செட் பொலிவார்ட்' படத்தைப் பாருங்கள். மறக்கப்பட்ட மௌனப்பட நாயகியாக நடித்த குளோரியா ஸ்வான்சன், உண்மையிலேயே மௌனப்பட நாயகி. அவருக்குப் பணிவிடை செய்கிற வேலைக்காரராக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைம், உண்மையிலேயே அவரை இயக்கியவர். வேலைக்காரர் ஓட்டிக்காட்ட நாயகி உட்கார்ந்து பார்க்கும் பழைய படச் சுருள், அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்து முடங்கிப்போன 'குவீன் கெல்லி'யிலிருந்து எடுத்தது. எதையும் ஒளிக்கவில்லை, அதனால்தான் சிரிக்கும்போதே நெஞ்சை அடைக்கிறது.

மீதியைப் பார்க்கலாமா என்றால், நான் சொன்ன இரண்டாவது பகுதியான கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பாருங்கள். அப்பாவைத் தேடிப் போன ஃபீனிக்ஸ் ஓர் ஆற்றில் இறங்கி நடக்கிறார். கேமரா அவர் முதுகைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. நீர் முழங்காலுக்கு, இடுப்புக்கு, தோளுக்கு ஏறி, கடைசியில் தலையும் மூழ்குகிறது. வசனம் இல்லை, வசவு இல்லை. அந்த அப்பாவாக வந்தவர் இயக்குநரின் அப்பா என்பதை மட்டும் பார்த்து முடித்த பிறகு நினைத்துக்கொள்ளுங்கள்.