முதல் ஆட்டம் வெற்றி, அடுத்த இரண்டும் தோல்வி: பர்ன் டெக்கும் சைட்போர்டும்

கேள்வி: மேஜிக்: த கேதரிங் சீட்டு விளையாட்டின் மாடர்ன் என்னும் போட்டி வகையில் சிவப்பு-வெள்ளை பர்ன் டெக் (எதிராளியை நேரடியாகச் சுட்டு முடிக்கும் கார்டுக் கட்டு) வைத்து ஆடுகிறேன். முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் வென்றுவிடுகிறேன். சைட்போர்டிலிருந்து (ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் தனிக் கார்டுகள்) எட்டு ஒன்பது கார்டுகளை உள்ளே எடுத்த பிறகு, அடுத்த இரண்டு ஆட்டங்களையும் இழக்கிறேன். என் சைட்போர்டே தவறு என்று சொல்லி, ஒரு விற்பனையாளர் 15 கார்டுகள் கொண்ட ‘பர்ன் சைட்போர்டு செட்’ ஒன்றை, எந்தக் கார்டை எப்போது மாற்றுவது என்ற வழிகாட்டியோடு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் சைட்போர்டில் குறை இருக்கலாம். ஆனால் நீங்கள் தோற்பதற்குக் காரணம் அதுவன்று. எட்டு ஒன்பது கார்டுகளை உள்ளே எடுக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் காரணம் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கார்டு டெக்கில் 20 லேண்டுகள் (மற்ற கார்டுகளைப் போடச் செலவழிக்கும் மேனா என்ற சக்தியைத் தருபவை) போக மீதி 40 கார்டுகள் எதிராளியைச் சுடுவதற்கானவை. முதலில் ஆடுபவர் நான்காவது முறை வரும்போது, கையில் எடுத்த ஏழும் பிறகு எடுத்த மூன்றுமாகப் பத்துக் கார்டுகளைப் பார்த்திருப்பார். அவற்றில் சராசரியாக 6.7 கார்டுகள் சுடும் கார்டுகளாக இருக்கும். ஒன்றுக்கு மூன்று சேதம் என்று வைத்தால் மொத்தம் 20 வரும். எதிராளியின் உயிர்ப்புள்ளியும் 20. பர்ன் டெக் என்பது இந்தச் சமன்பாடு ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது சேதமே விளைவிக்காத எட்டுக் கார்டுகளை உள்ளே எடுத்து, சுடும் எட்டை வெளியே வையுங்கள். அதே பத்துக் கார்டுகளில் இப்போது சுடுபவை 5.3 மட்டுமே, சேதம் 16 மட்டுமே. எதிராளி ஒரு விரலும் அசைக்காமல் நான்கு உயிர்ப்புள்ளிகளை நீங்களே அவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டீர்கள். அவர் தன் சைட்போர்டிலிருந்து கொண்டுவந்த கார்டுகளால் தோற்றேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, முதலில் வெளியே போக வேண்டிய கார்டு எது என்று முடிவு செய்யுங்கள். உள்ளே வருவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்த எதிராளிக்கு முன் வேலையே செய்யாத கார்டுகள் உங்கள் டெக்கில் இரண்டுதான் என்றால், இரண்டுதான் மாற வேண்டும். சியரிங் பிளேஸ் எதிராளியையும் அவருடைய கிரியேச்சர் (களத்தில் நின்று தாக்கும், தடுக்கும் கார்டு) ஒன்றையும் சேர்த்துக் குறிவைத்தாக வேண்டிய கார்டு. கிரியேச்சரே இல்லாத டெக்கின் முன் அது கையில் தங்கும் வெற்றுக் காகிதம், முதலில் போகட்டும். ஐடோலன் ஆஃப் த கிரேட் ரெவல், மூன்று மேனாவுக்கு உட்பட்ட எந்த ஸ்பெல்லை (லேண்ட் அல்லாத கார்டை) யார் போட்டாலும் அவருக்கே இரண்டு சேதம் தருவது. எதிராளியும் உங்களைப் போல மலிவான கார்டுகளை வேகமாக ஆடுபவராக இருந்து, நீங்கள் இரண்டாவதாக ஆடுகிறீர்கள் என்றால், அது உங்களையே கடிக்கும். அங்கே அதை வெளியே வைக்கலாம். லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், போரோஸ் சார்ம் ஆகியவற்றை எந்தச் சூழலிலும் தொடாதீர்கள்.

உள்ளே வருவதற்கும் ஒரு சோதனை உண்டு. தன் வேலையைச் செய்வதோடு எதிராளியையும் சுடுகிறதா என்று பாருங்கள். ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் ஒரு ஆர்ட்டிஃபாக்டை (கருவி வகைக் கார்டை) உடைத்துவிட்டு அதை வைத்திருந்தவருக்கு மூன்று சேதம் தருகிறது. ஆர்ட்டிஃபாக்ட் நிறைந்த டெக்கின் முன் அதைச் சேர்ப்பதால் உங்கள் சமன்பாடு கொஞ்சமும் கலையாது. ராய்லிங் வோர்டெக்ஸ் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் அந்த முறைக்குரியவருக்கு ஒரு சேதம் தருவதோடு, ஒரு சிவப்பு மேனா செலவழித்தால் அந்த முறை முழுவதும் எதிராளி உயிர்ப்புள்ளி சேர்க்க முடியாமலும் செய்கிறது. இவை இரண்டும் தயங்காமல் எடுக்க வேண்டியவை. கல்லறையை, அதாவது ஆடி முடித்த கார்டுகள் சேரும் இடத்தை, வெறுமையாக்கும் ரெஸ்ட் இன் பீஸ் ஒரு சேதமும் தராது. கல்லறை இல்லாமல் எதிராளியின் டெக் நகரவே நகராது என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு எடுங்கள். கல்லறையை ஏதோ கொஞ்சம் பயன்படுத்துகிறார் என்பதற்காக எடுக்காதீர்கள்.

பலரும் நடுங்குவது லேலைன் ஆஃப் சாங்டிட்டிக்கு. தொடக்கக் கையில் அது இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே மேசைக்கு வந்துவிடும், அதன்பின் அவரை உங்கள் ஸ்பெல்களால் குறிவைக்க முடியாது. பயங்கரமான கார்டுதான். ஆனால் நான்கு பிரதிகள் வைத்திருப்பவருக்குக்கூட முதல் ஏழு கார்டுகளில் அது கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. அந்த 40-க்குப் பயந்து மீதி 60-இலும் உங்கள் டெக்கை நீங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறீர்கள். கோப்ளின் கைடும் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியரும் தாக்குவதை லேலைன் தடுக்காது. ஐடோலனின் சேதமும் யாரையும் குறிவைப்பதில்லை என்பதால் அதுவும் நிற்காது. கண்ணால் பார்த்த பிறகு, மூன்றாவது ஆட்டத்துக்கு, லேலைனை அழிக்கக்கூடிய வேர் அண்ட் டேர் இரண்டை எடுத்தால் போதும்.

சேதமே தராத ஒரு கார்டை உள்ளே எடுத்தே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் மேலே நான் சொன்னதைப் படித்துவிட்டு இங்கேயும் பிடிவாதம் பிடித்துத் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோர் ஃபயர்வாக்கர் என்று ஒரு கிரியேச்சர். விலை இரண்டு வெள்ளை மேனா, தாக்கும் வலிமை இரண்டு, தாங்கும் வலிமை இரண்டு. சிவப்பிலிருந்து அதற்குப் பாதுகாப்பு உண்டு. எனவே உங்கள் போல்ட் எதுவும் அதைத் தொடாது, உங்கள் கிரியேச்சர் தாக்கினால் அது காயமின்றித் தடுத்து நிற்கும். அதோடு, யார் சிவப்பு ஸ்பெல் போட்டாலும் அதை வைத்திருப்பவர் ஒரு உயிர்ப்புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். மூன்று சேதம் தரும் உங்கள் ஒவ்வொரு கார்டும் இதனால் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஏழு கார்டுகளில் முடிய வேண்டியது பத்துக் கார்டுகளுக்கு இழுக்கிறது. இதற்கு மருந்து பாத் டு எக்ஸைல். அது ஒரு கிரியேச்சரை ஆட்டத்திலிருந்தே நீக்கும் வெள்ளைக் கார்டு. ஆகவே ஃபயர்வாக்கரைக் குறிவைக்கலாம், போடும்போது எதிராளிக்கு அந்த ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. பதிலுக்கு அவருக்கு ஒரு லேண்ட் கிடைக்கும். உங்கள் ஆட்டம் நான்கு ஐந்து முறைகளில் முடியப்போகிறது, கிடைத்துவிட்டுப் போகட்டும். பாத் கைவசம் இல்லையென்றால் ஸ்கல்கிராக் ஓரளவு உதவும். அது போடப்படும்போது ஃபயர்வாக்கரின் ஒரு புள்ளி முந்திக்கொண்டு சேர்ந்துவிடும் என்றாலும், அது நிறைவேறிய பிறகு அந்த முறை முழுவதும் யாரும் உயிர்ப்புள்ளி சேர்க்க முடியாது, சேதத்தைத் தடுக்கவும் முடியாது. அதாவது, அந்த முறையில் ஃபயர்வாக்கர் உங்கள் கிரியேச்சரைத் தடுத்தால் அதுவும் அடிவாங்கும். எனவே வெள்ளை மேனாவை நம்பியிருக்கும் டெக்குகளின் முன் இரண்டு பாத் எடுங்கள், மூன்று வேண்டாம்.

இனி அந்தச் செட்டுக்கு வருகிறேன். இப்படித் தொகுத்து விற்பவர்கள் தருவது உங்களுக்குத் தேவையான 15 அல்ல, அவர்களிடம் விற்காமல் கிடக்கும் 15. ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் போன்ற காமன் கார்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவைக் கேட்டுப் பாருங்கள், செட்டின் விலை எங்கிருந்து வந்தது என்று புரியும். வழிகாட்டி என்பது அதைவிட மோசம். ஒருவர் பணம் கொடுத்து வாங்கி என்னிடம் காட்டிய வழிகாட்டியில், சைட்போர்டின் 15-ஆவது இடத்தில் துணைக்கார்டாக லூரஸ் ஆஃப் த ட்ரீம்-டென் இருந்தது. லூரஸ் 2022 மார்ச் மாதமே மாடர்னில் தடைசெய்யப்பட்ட கார்டு. வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு போட்டிக்கே போயிருக்கிறார்.

போலிக் கார்டுகளும் இத்தகைய செட்டுகளுக்குள் ஒளிந்து வரலாம். பதினைந்தில் இரண்டு போலியாக இருந்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குங்கள். கார்டின் பின்புறம் உள்ள ஐந்து வண்ணப் புள்ளிகளில் பச்சையைப் பாருங்கள். அசலில் அதனுள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘ட’ எழுத்தைப் போல வளைந்து அமைந்திருக்கும். கார்டை மடக்கிப் பார்க்கும் சோதனை வேண்டாம். அசலாக இருந்தால் கெட்டுப்போவது உங்கள் பணம். போலி என்று தெரிந்தால் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் அதை வைத்து ஆட முடியாது. ‘தெரியாமல் வாங்கினேன்’ என்ற பதிலை நடுவர் ஏற்க மாட்டார், விற்றவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இதற்கெல்லாம் இடம் கொடுப்பது விளையாட்டை நடத்துகிறவர்களின் வேகம்தான். 2025-இல் மட்டும் ஸ்டாண்டர்டில் (அண்மைத் தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி வகை) செல்லும் தொகுப்புகள் ஆறு வந்தன, அத்தனையும் மாடர்னுக்கும் செல்லும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எதிராளிகளின் டெக் மாறிக்கொண்டே இருந்தால், வேலைக்குப் போகும் மனிதன் எதைப் பார்த்துத் தன் 15-ஐத் தீர்மானிப்பது? அந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். விதிகளோ நூற்றுக்கணக்கான பக்கங்கள்; அவற்றில் உங்களுக்கு வேண்டியவை நான்கு வரிகள். அடிப்படை லேண்டுகள் தவிர, ஒரே கார்டு டெக்கிலும் சைட்போர்டிலும் சேர்த்து நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டங்களுக்கு இடையில் நீங்களே முன்கூட்டி எழுதிய சிறு குறிப்பைப் பார்க்கலாம், அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் அதை எடுத்து வைத்துவிட வேண்டும். கார்டுகளை மாற்றிக் கலைத்து முடிக்க மூன்று நிமிடங்கள்தான். அடுத்த எதிராளியோடு உட்காரும் முன் டெக்கைப் பதிவு செய்த நிலைக்கே திருப்ப வேண்டும். களைப்பில் இதை மறந்து தண்டனை வாங்குபவர்களே அதிகம்.

அந்த மூன்று நிமிடங்களில், இரண்டு கார்டுகளை மட்டும் மாற்றுவதாக இருந்தாலும், 15-ஐயும் டெக்கோடு சேர்த்துவிட்டு, பிறகு வேண்டாத 15-ஐ எடுத்து வையுங்கள். எத்தனை மாறியது என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்குங்கள்: ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் நான்கு, ராய்லிங் வோர்டெக்ஸ் மூன்று, பாத் டு எக்ஸைல் இரண்டு, வேர் அண்ட் டேர் இரண்டு, ரெஸ்ட் இன் பீஸ் இரண்டு. மொத்தம் 13. மீதி இரண்டு இடங்களை, நீங்கள் ஆடும் கடையில் வாரந்தோறும் யார் எதிரே உட்காருகிறார்கள் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரப்புங்கள். அதுவரை 13 கார்டுகளோடு போகலாம். 2013-இல் விதி மாறியதிலிருந்து சைட்போர்டுக்கு 15 என்பது உச்சவரம்புதான், கட்டாயமில்லை.