பி.பி. மெஷினை வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மணிக்கட்டில் கட்டுகிற பி.பி. மெஷின் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினோம். ஒரு முறை 162 காட்டுகிறது, பத்து நிமிடம் கழித்து 138. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். இது பழுதா? வேறு வாங்குவதென்றால் எதை வாங்குவது? (வாசகி, காட்பாடி)

பதில்: பழுது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மணிக்கட்டு மெஷின் இதயத்தின் உயரத்தில் இருந்தால்தான் சரியாகக் காட்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தால், இதயத்துக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறக்குறைய 7, 8 புள்ளி கூடிவிடும். பேசிக்கொண்டே பார்ப்பது, காபி குடித்த கையோடு பார்ப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது எல்லாமே எண்ணை ஏற்றும்.

வீட்டுக்கு ஏற்றது மேற்கையில் சுற்றும் மெஷின்தான். அதை வாங்கப் போகும் முன் தையல் டேப்பால் அம்மாவின் கையை அளந்துகொள்ளுங்கள். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் சுற்றளவு? பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். அம்மாவின் கை 34 என்றால் அந்தப் பட்டை இறுக்கிப் பிடித்து, இல்லாத பி.பி.யைக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் இருக்கிற பி.பி.யைக் குறைத்துக் காட்டும். எனவே 22–42 பட்டை உள்ளதையோ, பெரிய பட்டையைத் தனியாகவோ கேட்டு வாங்குங்கள். விலையைவிட முக்கியம் இதுதான். கடையில் யாரும் இதைக் கேட்காமல் போவதுதான் எங்களுக்கு வருத்தம். மாடலின் பெயர் 'ஸ்ட்ரைட் பி.பி.' இணையதளத்தின் சரிபார்க்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம். அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா, தனி விலையா என்றும் கேளுங்கள்.

பார்க்கும் முறை: அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, புகையிலை வேண்டாம். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே ஒரு கட்டு போலாகிவிடும். தளர்வான ரவிக்கையோ நைட்டியோ போட்டுக்கொண்டு வெறும் கையில் சுற்றுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு, மூன்று செ.மீ. மேலே இருக்க வேண்டும். கையை மேசை மீது வைத்துக்கொள்ளட்டும். முதல் நாள் இரு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடருங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். நோட்டையும் மெஷினையும் டாக்டரிடம் எடுத்துப் போய் அங்குள்ள கருவியோடு ஒப்பிடுங்கள். ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் நம்பகமாகக் காட்டாது. 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு இருந்தால் மறுபடி அளந்து பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

இனி கடைக்காரர். மணிக்கட்டை இதய உயரத்தில் வைத்துப் பார்த்தும் டாக்டரின் கருவியோடு பெரிதும் வேறுபட்டால் அது குறையுள்ள பொருள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, பில்லில் போட்ட காலத்துக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். மெஷின் நன்றாக இருந்து, நமக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்த உரிமை கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

கேள்வி: மே மாதம் பிள்ளைகள், பாட்டியோடு ஏலகிரி போகிறோம். மருந்துக்கடையில் விற்கும் ஆரஞ்சு சுவை டப்பா பானமும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒன்றுதானே? (ஆற்காடு)

பதில்: ஒன்றல்ல. டப்பா பானத்தில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. பேதியாகும் குழந்தைக்கு அந்தச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானத்துக்குப் பொருந்தாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் இருப்பது 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, சாதாரண உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. கேட்டு வாங்குங்கள். பலர் செய்யும் தவறு, பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது. உப்பு ஐந்து மடங்காகும், குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சி ஆறிய நீர் முழு ஒரு லிட்டர் எடுத்து, மொத்தப் பொட்டலத்தையும் கரையுங்கள். ஜூஸ், பால், கூடுதல் சர்க்கரை எதுவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவில் வயிறு புரட்டுவதற்கு இது மருந்தல்ல. வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவதும், பிள்ளையை முன்பக்கம் நேராகப் பார்க்க வைப்பதும்தான் வழி. பாட்டிக்கு பி.பி., சிறுநீரகத் தொல்லை இருந்தால் வெயில் தாகத்துக்கு இதைத் தராதீர்கள், உப்பு ஏறும். வெறும் தண்ணீரும், உப்புப் போடாத நீர்மோரும் போதும்.

வழியில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் 'கூலிங் சார்ஜ்' கேட்பது சட்டவிரோதம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. கோட்டை மைதானத்தில் நடக்க ஆம்பூர் கடைகளில் மலிவாக ஷூ வாங்கலாமா? (குடியாத்தம்)

பதில்: வாங்கலாம். மலிவு ஷூவில் ஜோடி சரியாக இருக்கிறதா, உள்தையல் துருத்துகிறதா என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கால் மரத்துப்போனவருக்கு அந்தத் துருத்தல் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். மாலையில் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். சாக்ஸோடு நின்று பார்க்கட்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். முதல் வாரம் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த ஜோடி அவருக்கு ஆகாது.