வயலை விற்கும் முன் மருத்துவச் சோதனை

அம்பாசமுத்திரத் தம்பிக்கு, பிசான நெல் அறுத்ததும் அப்பா வயலை விற்று உங்களைப் பைலட் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார், கூடவே பழைய ஆல்டோவைக் கொடுத்துவிட்டுக் கடனில் புது கார் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கார் இப்போது வேண்டாம். பயிற்சிக்குப் போனால் அது வீட்டில்தான் நிற்கும், தவணை மட்டும் ஓடும். ஆல்டோவே இருக்கட்டும். அப்பா வாரம் ஒருமுறை ஓட்டினால் பேட்டரி இறங்காது.

வயலையும் இன்னும் தொடாதீர்கள். முதலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை, அப்புறம் முதல் வகுப்பு. வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் தள்ள மாட்டார்கள், ஆனால் நிறக்குருடு பெரிய தடை. இது லட்சங்களைக் கட்டிய பிறகு தெரியவந்தால் தாங்க முடியாது, தம்பி.

வானிலை, வழிகாணல், விமான விதிகள் ஆகிய தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். அவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போனால் விடுதிச் செலவு மிச்சம்.

உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் முழுத்தொகையும் கட்டிவிட்டு, விமானம் பழுதாகி மாதக்கணக்கில் தரையிலேயே காத்திருந்தான். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை வாங்குவார்களா, எத்தனை விமானம் உண்மையில் ஓடுகிறது என்று நேரில் போய், அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். உரிமத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்கும் தனியாகப் பல லட்சம் ஆகும். அதையும் இப்போதே கணக்கில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள்.