எங்கள் அபார்ட்மெண்டில் வாசல் கதவுக்கு ஆக்சஸ் கார்டு போட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், முன்பின் தெரியாதவர் நேரே மாடியேறி வர முடியாது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நான் ஆறு வருடம் இந்த கார்டைப் படிக்கும் ரீடர், பூட்டு எல்லாம் மாட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். இருந்தும் எங்கள் வேளச்சேரி குடியிருப்பில் நடந்தது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் லிஃப்ட் பக்கத்தில் பர்ஸைத் திறந்தபோது, சங்கம் கொடுத்த வெள்ளை கார்டோடு நீல நிறத்தில் ஒரு சின்ன டேக்கும் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"பொண்ணுக்கு தம்பி. நான் வராத அன்னிக்கு அவதானே வர்றா. சாவிக்கடையில போட்டுக் குடுத்தாங்க, நூத்தம்பது ரூபா."

சங்கத்தில் இரண்டாவது கார்டு கேட்டால் ஒரு விண்ணப்பம், 400 ரூபாய், பத்து நாள் காத்திருப்பு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சாவிக்கடைக்குத்தான் போயிருப்பேன்.

நம்மூர் குடியிருப்புகளில் அதிகம் புழங்குவது 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் கார்டு. அதில் பேட்டரி கிடையாது. ரீடர் பக்கத்தில் போனதும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கிடைக்கிறது, உடனே தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிடும். கேட்பது உங்கள் கதவா, சாவிக்கடைக்காரர் கையில் இருக்கும் கருவியா என்றெல்லாம் பார்க்காது. ரகசியக் குறியீடு எதுவும் இல்லை. அந்த எண்ணைத் திரும்ப எழுதக்கூடிய இன்னொரு சிப்பில் ஏற்றிவிட்டால் கதவுக்கு இரண்டும் ஒன்றுதான். பதிவேட்டிலும் அக்காவின் பெயர் மட்டுமே விழும். வெளியே போக வெறும் பட்டன் என்பதால், உள்ளே போனவர் வெளியே வராமலே இன்னொரு முறை உள்ளே போகிறாரே என்று சந்தேகப்படவும் வழியில்லை.

உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 0012345678 என்பது போலவும் பக்கத்தில் 188,24910 என்பது போலவும் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே எண்தான். 188ஐ 65536ஆல் பெருக்கி 24910ஐக் கூட்டினால் முதல் எண் வரும். கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர்கள் பல பார்ப்பது இந்த எண்ணை மட்டுமே. அதாவது கதவின் சாவியைக் கார்டின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறோம். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஐடி கார்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைச் சொன்னால் விற்பவர் "13.56 மெகாஹெர்ட்ஸ் ஸ்மார்ட் கார்டுக்கு மாறிடுங்க சார், காப்பி அடிக்கவே முடியாது" என்பார். எந்த கார்டு என்று கேளுங்கள். மைஃபேர் கிளாசிக் என்ற பழைய ரகம் என்றால் அதன் ரகசியக் குறியீடு உடைந்து பல வருடம் ஆகிறது. 2007 டிசம்பரில் பெர்லினில் ஆராய்ச்சியாளர்கள் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் ப்ளோட்ஸும் அதன் சிப்பைப் பிரித்து மேய்ந்ததை மேடையில் சொன்னார்கள். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் கட்டுரை வெளியிடப் போனபோது, தயாரிப்பாளரான என்எக்ஸ்பி நீதிமன்றம் போய்த் தடை கேட்டது, கிடைக்கவில்லை. அதன் பிறகும் அதே கார்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொரு கூத்து, நல்ல கார்டை வாங்கி மாட்டிவிட்டு அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி ரீடரை வைத்துவிடுவார்கள். அந்த எண்ணைப் படிக்க எந்தச் சாவியும் வேண்டாம். டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 என்ற கார்டு ரகத்தைக் கேளுங்கள், அதற்குள் இருக்கும் ஏஇஎஸ் என்ற ரகசியச் சாவியைச் சரிபார்த்துத்தான் கதவு திறக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எனக்குக் கார்டை விடப் பெரிய கவலை சுவரில் இருக்கும் பெட்டி. செலவு குறைய வேண்டும் என்று ரீடர், கண்ட்ரோலர், பூட்டுக்கு மின்சாரத்தை விடும் ஸ்விட்சான ரிலே மூன்றும் சேர்ந்த ஒரே பெட்டியைக் கதவுக்கு வெளியே மாட்டிவிடுகிறார்கள். அடியில் ஒரு திருகாணி. அதைக் கழற்றுகிறவர் கையில் பூட்டின் வயரே வந்துவிடும், கார்டு எதற்கு? வெளியே ரீடர் மட்டும் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் உள்ளே. புதிதாகப் போடும்போது இதற்குப் பெரிய செலவு ஆகாது.

அப்புறம் கரண்ட். காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டுமே, அதனால் அதை மாற்றக் கூடாது. ஆனால் கரண்ட் போனால் பூட்டைத் தாங்கும் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் வாசல் திறந்தே கிடக்கும். எங்கள் பேட்டரியை யாரும் தொட்டே பார்த்ததில்லை.

முதலில் செய்ய வேண்டியது காசில்லாத வேலை: கார்டு பட்டியலை எடுத்துப் பாருங்கள். எங்கள் 48 வீடுகளுக்கு 190க்கு மேல் கார்டுகள் உயிரோடு இருந்தன. காலி செய்துபோன வாடகைக்காரர்கள், பழைய வாட்ச்மேன், லிஃப்ட் வேலைக்கு வந்தவர் என்று எல்லோரும் இருந்தார்கள்.

அக்காவுக்கும் அவர் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயரில் இரண்டு கார்டு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பழைய எண்ணை அழித்தோம். வெள்ளை கார்டும் நீல டேக்கும் ஒரே நொடியில் செத்தன. புதியவையும் அதே 125 தான். ரீடர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மாதப் பொதுக்குழுவில் பேச வேண்டும்.