ஹாலில் மாட்டியிருந்த படம் எங்கே?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பிறந்தவள் நான். கணவர் ஆங்கிலேயர். கல்யாணமாகி 25 வருஷமாக இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில் இருக்கிறோம். என் மாமியாரைப் பெற்ற அப்பா இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகரத்தின் மேல் குண்டு போடப் போன விமானம் திரும்பி வரவில்லை. அவருக்கு வயது 22. மாமியார் அப்போது ஐந்து மாதக் குழந்தை. நானும் என் மகனும் (21 வயது) இரண்டு வருஷம் தேடி, லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம் வரை போய், அவரோடு பறந்த ஆறு பேரின் பெயர், விமானம் கிளம்பிய நேரம், ஜெர்மனியில் டூர்ன்பாக் போர்க் கல்லறையில் அவர் இருக்கும் இடம் எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம். ஏழு பேரும் விமானத்துக்கு முன்னால் நிற்கும் போட்டோவை மகன் பெரிதாக்கினான். ஹாலில் மாமியாரின் இரண்டாவது அப்பா படம் இருந்த இடத்தில் அதை மாட்டியிருக்கிறோம் (அவர் போருக்குக்கூடப் போகவில்லை, சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். 1996-ல் இறந்துவிட்டார், நான் பார்த்ததில்லை). வருகிற மார்ச்சில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போக டிக்கெட் போட்டோம். “நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு வேண்டாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெற்ற தகப்பன்மேல் பாசமே இல்லாமல் ஒரு மகள் இருப்பாளா? நம் ஊரில் முகம் தெரியாத கொள்ளுத் தாத்தாவுக்குக்கூடத் திதி கொடுக்கிறோமே! அவர் மனதை எப்படி மாற்றுவது?
– வாசகி, நாட்டிங்ஹாம்

பதில்: மனதை மாற்றுவது இருக்கட்டும். கழற்றிய படத்தை எங்கே வைத்தீர்கள் அம்மா?

கடிதம் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கிறோம்). விமானத்தின் எண், அதில் ஏற்றிய குண்டுகளின் எடை, பின்பக்கத் துப்பாக்கிக்காரர் எந்த ஊர்க்காரர் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. ஆனால் உங்கள் மாமியாரை வளர்த்து ஆளாக்கிய மனிதருக்கு நாலு பக்கத்திலும் ஒரு பெயர் இல்லை. “இரண்டாவது அப்பா”, அவ்வளவுதான். அதுவும் அடைப்புக்குறிக்குள், போருக்குக்கூடப் போகாதவர் என்ற பட்டத்தோடு.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா, ஐ.என்.ஏ.வில் சேர்ந்த பெரியப்பா, சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பாட்டனார் என்று எத்தனையோ குடும்பங்கள் எழுதியிருக்கின்றன. தேடத் தேட ஒரு வெறி வந்துவிடும், நல்ல வெறிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செத்தவரைப் பற்றி ஒவ்வொரு காகிதமாகக் கிடைக்கக் கிடைக்க, அதே வீட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது.

உங்கள் கணவரை முதலில் கேட்க வேண்டும். அவருக்குத் தாத்தா என்றால் இந்தச் சுரங்கக்காரர்தானே? கையைப் பிடித்து நடத்தியது, சைக்கிள் கற்றுக்கொடுத்தது எல்லாம் 22 வயதில் போய்விட்ட அந்தப் பையனா? ஆணியிலிருந்து படத்தை எடுத்தபோது அவர் எங்கே போயிருந்தார்? நீங்கள் அந்த மனிதரைப் பார்த்ததில்லை, உங்களை விட்டுவிடலாம். உங்கள் கணவர் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பே கிடையாது.

“போருக்குக்கூடப் போகாதவர்” என்று எழுதிவிட்டீர்கள். சுரங்கத்துக்கு “அனுப்பிவிட்டார்களாம்” என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். ஆவணக் காப்பகம் வரை போன ஆராய்ச்சியாளருக்கு, யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்று ஒரு கேள்விகூட எழவில்லையா? 1943 கடைசியில் பிரிட்டனில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. சுரங்க ஆட்களையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள், தொழிற்சாலை ஓட்டக் கரி வேண்டும். அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்த எர்னஸ்ட் பெவின் குலுக்கல் கொண்டுவந்தார். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரு எண்ணை எடுப்பார்கள். பதிவு எண் அந்த இலக்கத்தில் முடிகிற பையன், 18 வயசு ஆகியிருந்தால், பட்டாளத்துக்குப் பதிலாகச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். மாட்டேன் என்றால் ஜெயில். இஷ்டப்பட்டு வந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 48,000 பேர் இப்படிப் பூமிக்கு அடியில் போனார்கள். பெவின் பாய்ஸ் என்று அவர்களுக்குப் பெயர். யூனிஃபார்ம் கிடையாது. வாலிப வயசில் சாதாரண உடுப்போடு தெருவில் நடந்தால், பட்டாளத்துக்குப் பயந்து ஒளிந்து திரிகிறவன் என்று ஜனங்கள் ஏசினார்கள், போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தார். போர் முடிந்த பிறகு மெடலும் இல்லை. ஒரு பேட்ஜ் கொடுக்கவே 2008 ஆகிவிட்டது. உங்கள் ஆள் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே போய்விட்டார்.

அன்றைக்குத் தெருவில் அவரைப் பார்த்து யாரோ சொன்ன அதே வார்த்தையை நீங்கள் இப்போது எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

விமானப் படையில் இருந்தவருடைய காரியம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப் பிரிவின் விமானங்களில் பறந்த ஒன்றேகால் லட்சம் பேரில் 55,573 பேர் செத்தார்கள், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. எல்லோருமே தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். அந்த நியூரம்பர்க் இரவில் நிலா வெளிச்சம், வானம் துலக்கமாக இருந்தது. 795 விமானம் போனதில் 95 திரும்பவில்லை, அந்தப் படைப் பிரிவு ஒரே ராத்திரியில் அவ்வளவு இழந்தது வேறு என்றைக்கும் இல்லை. குண்டுகளில் பெரும்பகுதி ஊரிலேயே விழவில்லை என்பது இன்னொரு கொடுமை. (விழுந்த இடத்திலும் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் இருந்தார்கள் என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லி வையுங்கள்.) லங்காஸ்டரில் வயர்லெஸ் ஆபரேட்டர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஹீட்டரின் வாய். பின்னால் துப்பாக்கிக் கூண்டில் இருப்பவர் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க, இவருக்கு வியர்த்துக் கொட்டும். இதையெல்லாம் தோண்டி எடுத்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களே, அது புண்ணியம். இவர்களுக்கு லண்டனில் ஒரு நினைவு மண்டபம் எழும்பவே 2012 ஆயிற்று. எங்கள் ஆட்களை நாடு மறந்துவிட்டது என்று அதுவரைக்கும் குமுறிக்கொண்டிருந்தவை இந்த மாதிரிக் குடும்பங்கள்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் வாக்கப்பட்டுவிட்டு, இன்னொருவரை மறக்கடிக்கிற வேலையை நீங்கள் கையில் எடுக்கலாமா?

இன்னொரு விஷயம், அந்தக் காலத்துச் சட்டம். போரில் புருஷனை இழந்தவளுக்கு அரசாங்கம் கொடுத்த விதவைப் பென்ஷன், அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் நின்றுவிடும். அப்படியென்றால் கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணை இவர் கட்டிக்கொண்ட அன்றைக்கே அந்த வருமானத்துக்கு முடிவு. அந்த வீட்டுச் சோறு முழுக்க முழுக்கச் சுரங்கக் கூலியில் வந்த சோறு. உங்கள் மாமியார் படித்தது, கட்டிக்கொண்டு போனது, உங்கள் கணவர் பிறந்ததும் ஓடிவந்து தூக்கியது, எல்லாவற்றிலும் இந்த மனிதர்தான் இருக்கிறார். இறந்துபோனவன் மகளைத் தன் மகளாக வளர்ப்பது என்ன சின்ன விஷயமா? நம் ஊரில் எத்தனை பேர் செய்வார்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். எனக்குக் குடும்பம் என்றால் வளர்த்தவர்தான் முதலில். பெற்றவருக்கு நன்றி உண்டு, மரியாதை உண்டு, அதற்கு அடுத்தபடியாக. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், கடிதம் போடுங்கள், பிரசுரிக்கிறேன்.

அப்புறம் அந்தத் திதி விஷயம். முகம் தெரியாதவருக்கும் திதி கொடுக்கிறோம், சரி. கொடுக்கிறவர் தானாக உட்கார்ந்து கொடுக்கிறார். மருமகள் டிக்கெட் போட்டுவிட்டுக் “கிளம்புங்கள்” என்று சொல்லிக் கொடுப்பதில்லை. உங்கள் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் கல்லில் இருப்பது 22 வயசுப் பையன், உங்கள் மகனைவிட ஒரு வயசு பெரியவன். அவன் முன்னால் போய் இந்த அம்மாள் மகளாக நிற்க முடியுமா? பாட்டியாகத்தான் நிற்க முடியும். அந்த அம்மாளுக்குப் பாசம் இல்லை என்று தீர்ப்பு எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தன் அம்மா ராத்திரியில் அழுததை அவர் கேட்டிருக்கலாம். முதல் புருஷனைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று ஒரு ஏற்பாடு இருந்திருக்கலாம், அல்லது தாராளமாகப் பேசி முடித்து எப்போதோ மூட்டை கட்டி வைத்திருக்கலாம். நீங்கள் கேட்டீர்களா? நாலு பக்கக் கடிதத்தில் அவர் சொன்னதாக அந்த ஒரே வரிதான் இருக்கிறது. கியூவில் இருக்கிற பெட்டிகளைத் திறந்து பார்த்த அளவுக்கு மாமியாரோடு உட்கார்ந்து பேசியிருந்தால், இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

நான் சொல்வது இதுதான். நாளைக்குக் காலையில் அந்தப் படத்தை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டுங்கள். மாட்டுவது உங்கள் கணவராக இருக்கட்டும், மாமியார் பார்க்கிற மாதிரி. “இதைக் கழற்றியிருக்கக் கூடாது அம்மா” என்று அவர் வாயால் சொல்லட்டும், அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் வேண்டாம். விமானப் படத்தை எங்கே வைப்பது என்று மாமியாரைக் கேளுங்கள். உன் ரூமில் வைத்துக்கொள் என்று பேரனிடம் சொன்னால், அங்கேதான் அது இருக்க வேண்டும், முகத்தைத் தூக்கக் கூடாது.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். விமானப் படைக்காரர் எப்போது கிளம்பினார், என்ன ஏற்றிக்கொண்டு போனார் என்று நிமிஷக் கணக்காக அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. லிங்கன் ஊர் நினைவிடத்தில் போய் நின்றால் ஏறத்தாழ 58,000 பேரோடு அவர் பெயரும் இருக்கிறது. அவர் எங்கேயும் தொலைந்து போக மாட்டார். சுரங்கத்துக்குப் போன பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவரைப் பற்றிய ஆவணம் என்றால் உங்கள் மாமியாரின் ஞாபகம் ஒன்றுதான், அதற்கும் வயசாகிவிட்டது. எந்தச் சுரங்கம், எத்தனை மணிக்குக் கிளம்புவார், வீட்டுக்கு வந்ததும் எங்கே குளிப்பார், சம்பளத்தன்று என்ன வாங்கி வருவார், குலுக்கலில் தன் எண் விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா, இல்லை சொல்லவே இல்லையா என்று பேரன் கேட்கட்டும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யட்டும். நடுவில் அவராக மற்ற அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். சொல்லாவிட்டால் துருவாதீர்கள்.

ஒரு கேள்வி மட்டும் நீங்கள் கேட்கலாம். அந்தக் கல்லறைக் கல்லின் அடியில் குடும்பத்தின் வாசகம் ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போர் முடிந்த பிறகு நிரந்தரக் கல் வைக்கும்போது, என்ன வாசகம் வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டு வாங்கித்தான் செதுக்கினார்கள். அந்த வரியை எழுதிக் கொடுத்தது யார்? மாமியாரின் அம்மாவாக இருந்தால், அந்தக் காகிதம் தபாலில் வந்து சேர்ந்தபோது அவர் எந்த வீட்டில் இருந்தார், சுரங்கக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாகிவிட்டதா? ஆகியிருந்தால், முதல் புருஷன் கல்லுக்கான வாசகத்தை இந்தச் சுரங்கக்காரர் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் நீங்களும் மகனும் தாராளமாகப் போங்கள். மாமியார் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள், பணம் போனால் போகட்டும், அதை அவரிடம் சொல்லிக் காட்டாதீர்கள். கூடப் பறந்த மற்ற ஆறு பேரும் அதே தோட்டத்தில் இருந்தால் அவர்கள் முன்னாலும் நின்றுவிட்டு வாருங்கள், அவர்களைத் தேடிக்கொண்டும் எங்காவது ஒரு குடும்பம் இருக்கும். போட்டோ எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் மாமியாருக்குப் போன் போட்டு, பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள்.