வலிக்கு மருந்து போட்டால் கருமுட்டை கெட்டுவிடுமா?

கேள்வி: அடுத்த வாரம் எனக்குக் கருமுட்டை எடுக்கிறார்கள். அப்போது போடும் ஃபென்டனில் என்ற வலி மருந்து அபின் வகையைச் சேர்ந்தது, அது முட்டையின் தரத்தைக் குறைக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும் என்கிறார் எங்களுக்குச் சிகிச்சை மையம் பிடித்துத் தந்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிறப்புறுப்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஊசி சினைப்பைக்குள் போகிறது. அங்கே முட்டைகள் இருக்கும் நீர்ப்பைகளை ஒவ்வொன்றாகக் குத்தி உறிஞ்ச 15, 20 நிமிடங்கள் ஆகும். பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வலி தாளாமல் நீங்கள் அசைவதுதான் ஆபத்து.

நரம்பில் ஏற்றும் ஃபென்டனில் ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நீர்ப்பைக்குள் அதில் சொற்ப அளவு சேருவது உண்மைதான். ஆனால் வழக்கமான அளவில் கொடுக்கும்போது கருத்தரிப்பு பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்த ஒரு தடவையில் யாரும் அடிமையாவதில்லை. குமட்டலும் அரிப்பும் வரலாம். மூச்சு மந்தமாவதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்காகவே விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டுகிறார்கள், நலோக்சோன் என்ற முறிவு மருந்தையும் அருகில் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு உபதேசம் செய்தவரிடம் ஒன்று கேளுங்கள்: பேசிய தொகையில் மயக்க மருத்துவரின் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? எழுத்தில் வாங்குங்கள். முட்டையைப் பற்றிய அக்கறை போலப் பேசி அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கருத்தரிப்புச் சிகிச்சையிலேயே சிலருக்கு அதைக் குறைந்த அளவில் எழுதித் தருகிறார்கள். ஃபென்டனில் போய் உட்கார வேண்டிய இடத்தை அது முன்பே பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசி போட்டும் வலி அடங்காது. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மயக்க மருத்துவர் முன் பரப்பிக் காட்டுங்கள். சத்து மாத்திரை என்று இடைத்தரகர் கொடுத்த, பெயரே இல்லாத பொட்டலம் இருந்தால் அதையும்.

முட்டைகளின் எண்ணிக்கையை அரை மணி நேரம் விளக்குகிற மையங்கள் வலியைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதில்லை. சம்மதப் படிவத்தை அறுவை அறைக்குப் போகும் வழியில் நீட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கருத்தரிப்பு மையத்தில் ஒரு செவிலியர் ஃபென்டனிலைத் திருடிவிட்டுக் குப்பிகளில் உப்பு நீரை நிரப்பி வைத்தார். வலிக்கிறது என்று பெண்கள் சொல்லியும் மாதக்கணக்கில் அது வெளிப்படவில்லை.

ஆகவே படிவத்தை முந்தைய நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். மேசையில் வலி குத்தினால் "நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தி மருந்தைக் கூட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.